தெர்மாகோல் மேல் கற்பூரம்

ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையோரம், ஒரு வாய்க்கால் பாலத்துக்கு ஏறும் சாலையை உயர்த்திக்கொண்டிருந்தார்கள். தரக்கட்டுப்பாடு என் பொறுப்பு. முதலில் மண் கொட்டித்தான் உயர்த்தினோம். அடியில் களிமண். பாரம் தாங்காமல் நான்கு விரற்கடை இறங்கியதில் பக்கத்து வீட்டு மதிலிலும் விரிசல் விழுந்தது. அதனால் மண்ணை வாரி எடுத்துவிட்டு, தெர்மாகோல் பிளாக்குகளை அடுக்கினோம். ஒவ்வொன்றும் ஒரு கட்டில் அளவு இருக்கும். இரண்டு பேர் பேசிச் சிரித்துக்கொண்டே தூக்கிப் போவார்கள்.

மேஸ்திரி மண்ணச்சநல்லூர்க்காரர், என் வயதுதான். முதல் நாளே கேட்டார்.

“டிவி டப்பாவுல அடைச்சு வர்றத ரோட்டுக்கு அடியில வைக்கிறீங்களே, லாரி ஏறுனா என்னங்க ஆவும்?”

“ஒண்ணும் ஆகாதுங்க.”

“அப்புறம் ஏன் சார் உங்க மூஞ்சி இப்படி இருக்கு?”

லாரிக்கு நான் பயப்படவில்லை. நெருப்புக்குத்தான் பயந்தேன். மேலே கம்பி கட்டி கான்கிரீட் ஊற்றி மூடிவிட்டால் கவலையில்லை. மூடும்வரை ஒரு பொறி போதும். வெல்டிங் மிஷினை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தள்ளினேன். டீ அடுப்பையும் அங்கேயே போகச் சொன்னேன். பத்தடிக்கு ஒரு வாளி மணல் வைத்தேன். காலையில் உள்ளே வருகிறவர்களின் பீடிக்கட்டும் தீப்பெட்டியும் கேட்டிலேயே ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மதியம் கே.கே. நகர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவன், பாதியில் எழுந்து பஸ் பிடித்து வந்து வாளிகளை எண்ணிவிட்டுப் போயிருக்கிறேன்.

கான்கிரீட் போடும் நாள் காலை. எட்டு மணிக்குக் கலவை லாரி வர வேண்டும். பாலத்தை ஒட்டிய கடைசி வரிசையில் மட்டும் கம்பி கட்டாமல் விட்டிருந்தார்கள். அங்கே மேல் பிளாக்கின் மீது மேஸ்திரி வாழை இலை விரித்து, தேங்காய் பழம் வைத்தார். மஞ்சள் பிள்ளையார் பிடித்தார். ஒரு எவர்சில்வர் தட்டில் கைநிறையக் கற்பூரத்தைக் குவித்தார். பூஜைக்கென்று தீப்பெட்டி கேட்டபோது, பிஸ்கட் டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தவனே நான்தான். கற்பூரத்தை நெருப்பு என்று என் வாழ்நாளில் ஒருமுறைகூட நினைத்ததில்லை.

ஆரத்தி காட்டிவிட்டுத் தட்டைக் கீழே வைத்தார். வரிசையில் நின்று, சுடரை ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டேன். கண் திறந்தபோது தட்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சத்தமில்லாமல் பிளாக்குக்குள் இறங்கியது. கரிய புகை ஒன்று நூலாக எழுந்தது.

“மணல்!” என்று கத்தினேன்.

மேஸ்திரி என் கையைப் பிடித்தார். “கற்பூரத்த நாமளா அணைக்கக் கூடாதுங்க சார். அதுவா மலையேறணும்.”

“அது ஏறுறதுக்குள்ள பிளாக் எல்லாம் ஏறிடும், விடுங்க!”

வாளியை நானே கவிழ்த்தேன். சுடரும் பிள்ளையாரும் தேங்காயும் மணலுக்குள் போயின. சுமை தூக்கும் பெண்களில் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: “சாமி காரியத்துல மண்ணு போட்டுட்டாரே.”

எனக்கு அந்தக் கவலை அப்போது இல்லை. உருகியது இரண்டு பிளாக்குகளின் இடுக்கு வழியாகக் கீழே சொட்டியிருந்தால்? கீழே இன்னும் நான்கு அடுக்கு இருந்தது. மேல் பிளாக்கை வெளியே எடுக்கச் சொன்னேன். சோற்றுத் தட்டு அளவுக்கு, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி. மண்டியிட்டு, இடுக்கில் தோள்வரை கையை விட்டுத் தடவினேன். சில்லென்றுதான் இருந்தது. நம்பிக்கை வராமல் அடுத்த அடுக்கிலும் ஒன்றைக் கிளப்பச் சொன்னேன். அதுவும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

லாரி வந்து, டிரம் சுற்றியபடி காத்திருந்தது. புது பிளாக் வைத்து, கம்பியும் கட்டியாயிற்று. ஆனால் கலவை பரப்பும் கரணையைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை. மேஸ்திரி என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“வாய்க்காலுக்கு அந்தாண்ட, தரையில ஒரு தடவ ஏத்திக்கலாங்களா?”

“ஏத்துங்க. நான் இங்கயே நிக்கிறேன்.”

அங்கே எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். கற்பூரம் தானாக அணையும்வரை, கையில் மணல் வாளியோடு, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மேஸ்திரி லாரிக்காரரைப் பார்த்துக் கையசைத்தார்.