வாசலில் இல்லாத வேப்பிலை

பள்ளியில் என் மேஜை இழுப்பறையைத் திறந்தால் சாக்பீஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளக் கட்டுக்கம்பி கிடக்கும். நடுவில் மூன்று முறுக்கு. கான்கிரீட் போடுகிற இடங்களில் கம்பியோடு கம்பியைச் சேர்த்துக் கட்டுவார்களே, அந்தச் சாதாரணக் கம்பிதான். இதை ஏன் சார் வைத்திருக்கிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்டதுண்டு. அப்பா கம்பி கட்டும் வேலை பார்ப்பவர் என்று சொல்லிவைத்தேன். அது உண்மைதான். ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

அந்தக் கம்பி என் அக்காவைப் பற்றியது. என்னைவிட நான்கு வயது மூத்தவள். எட்டாவதோடு நிறுத்திவிட்டு அம்மாவுடன் நடவுக்குப் போனாள். எங்கள் வீட்டில் மட்டுமில்லை, எங்கள் தெருவிலேயே கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தான். அக்காவுக்கு அதில் பெருமை உண்டு. கிண்டலும் உண்டு. சேற்றுக் காலோடு வீட்டுக்கு வருவாள், என் புத்தகத்தை எட்டிப் பார்ப்பாள், "காலேஜு, இந்த வருஷம் குறுவைக்குத் தண்ணி வருமான்னு அதுல போட்டிருக்கா?" என்பாள். வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்தில் அவளைக் கட்டிக்கொடுத்தோம். நான் படித்து முடித்துக் கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்த வருடம் அவள் முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள்.

அந்த வருடந்தான் எனக்கு அம்மை போட்டது. விடுப்புக் கடிதத்தில் நான் அம்மை என்று எழுதவில்லை, சிக்கன் பாக்ஸ் என்று எழுதினேன். ஒரே நோய்தான். ஆனால் அந்தப் பெயருக்கு வேப்பிலை தேவைப்படாது என்று மனதுக்குள் ஒரு நினைப்பு. குடவாசலுக்குத் தெற்கே இருக்கிற எங்கள் தொகுப்பு வீட்டில் வேறு கணக்கு. அம்மா வாசல் நிலைக்கு மேலே ஆணியில் வேப்பங்கொத்தைச் செருகினாள். தாளிப்பதை நிறுத்தினாள். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள்வரை வெளியாள் யாரும் உள்ளே வரக் கூடாது. அக்காவுக்குப் போன் செய்து சொல்லவா என்று கேட்டேன். "வேணாம். சொன்னா ஓடி வந்து நிப்பா. ஆத்தா வந்திருக்கறத வாயால ஊருக்கெல்லாம் சொல்லக் கூடாது. வாசல்ல இருக்கறது சொல்லும்" என்றாள். எங்கள் பக்கம் அப்படித்தான். வேப்பிலையைப் பார்த்தால் தபால்காரர்கூடத் தெருவில் நின்றே குரல் கொடுப்பார். மாசமாக இருக்கிற பெண் என்றால் அந்த வரிசை வழியாகவே நடக்க மாட்டாள். நான் ஒன்பதாம் வகுப்பில் தொற்றுநோய் பற்றிப் படம் வரைந்து நடத்திய பாடம் முழுவதும் அந்த ஒரு கொத்தில் இருந்தது. எனக்குத்தான் அது தெரியவில்லை.

ஏழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அப்பா வெளியூரில் வேலையில் இருந்தார். அம்மா விடிந்ததும் நடவுக்குப் போய்விட்டாள். எங்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியரும் தமிழாசிரியரும் என்னைப் பார்க்க வருவதாகப் போன் செய்தார்கள். உங்களுக்கு முன்னாடியே போட்டிருக்கா என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். போட்டிருக்கிறது என்றார்கள். மறுபடி வராது, வாருங்கள் என்றேன். அந்த எச்சரிக்கை எனக்கு இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவர்கள் பைக் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் எழுந்துபோய் வேப்பங்கொத்தை ஆணியிலிருந்து உருவினேன். அறிவியல் வாத்தியார் வீட்டு வாசலில் வேப்பிலை என்று ஆசிரியர் அறையில் பேச்சாகிவிடும் என்று கூச்சம். வேப்பிலை மட்டுமா, எங்கள் தெருவையே அவர்கள் அதில் பார்த்துவிடுவார்கள் என்று நினைத்தேன். கொல்லையில் குளியல் தட்டிக்குப் பின்னால் போட்டுவிட்டு வந்து சட்டை மாற்றிக்கொண்டேன். வந்தவர்கள் அரைமணி நேரம் இருந்தார்கள். தமிழாசிரியர் கிளம்பும்போது, "படுக்கையில கொஞ்சம் வேப்பிலை போட்டுக்குங்க சார், நமைச்சலுக்குக் கேக்கும். எங்க வீட்டுல அப்படித்தான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா வருவதற்குள் கொத்தைத் திரும்பச் செருகிவிட வேண்டும் என்று நினைத்தபடியே படுத்தேன். கண் அசந்துவிட்டது.

அக்காவின் குரல் கேட்டுத்தான் விழித்தேன். தூக்குவாளியில் மீன் குழம்போடு, ஏழு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்த வேர்வை முகத்தில். என் முகத்தைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனாள். வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மையாடா? நிலையில வேப்பிலை ஒண்ணும் காணுமே. தண்ணி ஊத்தியாச்சா?"

அவளுக்கு அம்மை வந்ததே இல்லை என்பது எனக்குத் தெரியும். சிறு வயதில் தெருவில் அம்மை பரவியபோது அம்மா எங்கள் இருவரையும் ஒன்றாகத்தான் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டாள். அதனால்தானே எனக்கு இந்த வயதில் வந்திருக்கிறது. முதுகில் இன்னும் ஈரம் காயாத கொப்புளங்கள் இருந்தன. இல்லை, வெளியே போ என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேப்பிலை எங்கே என்று கேட்பாள். யாருக்காக எடுத்தாய் என்று கேட்பாள். தலையாட்டினேன். ஆமாம் என்று வாய் திறந்துகூடச் சொல்லவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது.

அக்கா உட்கார்ந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு வாரம் உப்புச் சப்பில்லாமல் தின்றிருப்பாயே என்று சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து கொடுத்தாள். நானும் சாப்பிட்டேன்.

மதியம் தாண்டி அம்மா வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். இன்னும் தண்ணீர் ஊற்றவில்லையே, நீ எப்படி உள்ளே வந்தாய் என்று அக்காவிடம் பதறினாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். "நான்தாம்மா கவனிக்காம வந்துட்டேன்" என்றாள் அக்கா. அம்மா ஆணியைத் தடவிப் பார்த்துவிட்டு, காற்றுக்கு விழுந்திருக்கும், நான் சரியாகச் செருகவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அக்காவை உடனே பஸ் ஏற்றிவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து அக்காவுக்குக் காய்ச்சல், பிறகு கொப்புளங்கள். அவள் புகுந்த வீட்டிலும் வேப்பிலை செருகினார்கள். அம்மைக்கு மருந்து கூடாது என்று வீட்டிலேயே வைத்திருந்தார்கள். மாசமாக இருப்பவளுக்கு இது சாதாரணமில்லை, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அவள் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். ஒருமுறை சொன்னேன். அவர் தன் அம்மாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். பைக்கை எடுத்துக்கொண்டு நேரில் போய்ச் சண்டை போட்டிருக்கலாம். போனால் எப்படித் தொற்றியது என்ற பேச்சு வரும் என்பதால் போகவில்லை. நான்காம் நாள் அவளுக்கு மூச்சு வாங்கியது. வேன் பிடித்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இரண்டாம் நாள் வலி கண்டு பெண் குழந்தை பிறந்தது. எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது, அவ்வளவுதான். கண்ணாடிப் பெட்டிக்குள், என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய முதுகோடு கிடந்தது.

அக்காவைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மாவிடம் நான் தனியாகப் போய்க் கேட்டேன். ஆசிரியர் என்று சொன்னதால் உட்காரவைத்துப் பேசினார். "காய்ச்சல், நுரையீரல் வரைக்கும் போன வைரஸ், மூச்சுத் திணறல். இதெல்லாம் சேர்ந்து பிரசவத்த முன்னாடி இழுத்திருக்கலாம். இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது தம்பி. ஒண்ணுமே இல்லாமயும் சில பேருக்கு இப்படி ஆகுது" என்றார். சொல்ல முடியாது என்ற அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். வராந்தாவில் அக்காவின் மாமியார் என் அம்மாவிடம், "ஏழாம் மாசத்துல எவ தூக்குவாளிய தூக்கிக்கிட்டு ஊர் சுத்துவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "வேப்பிலைய நான் இறுக்கிச் செருகலைங்க" என்று அம்மா தலைகுனிந்து நின்றாள். நான் அவர்களைத் தாண்டி டீ வாங்கப் போனேன்.

குழந்தை பிழைத்தது. நாற்பது நாளுக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தது. கண்ணில் வைத்தியம் பார்த்தார்கள். இப்போது தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்றாம் வகுப்புப் போகிறாள். எழுத்தை மூக்கால் தொட்டுத்தான் படிக்கிறாள். அக்கா ஒருநாளும் என்னிடம் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. ஒரே ஒருமுறை, குழந்தைக்கு முதல் கண்ணாடி போட்ட அன்று, நானே தொடங்கினேன். முடிக்க விடவில்லை. "கை கழுவக் கொல்லைக்குப் போனப்பவே கொத்து கெடந்தத பாத்தேன். தண்ணி ஊத்திட்டுப் போட்டதுன்னு நெனைச்சேன். எங்கிட்ட சொல்லிட்டா முடிஞ்சுதுன்னு நெனைக்காத. அம்மாகிட்ட சொல்லு" என்றாள். அதற்குப் பிறகும் இரண்டு வருடம் நான் சொல்லவில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அம்மா எங்கள் நிலை ஆணியில் அப்பாவின் கட்டுக்கம்பி ஒன்றை நிரந்தரமாக முறுக்கி வைத்திருந்தாள். தெருவில் யார் வீட்டில் அம்மை என்றாலும் தானே கம்பியோடு போவாள். காற்றுக்கு விழாமல் கட்டணும், என் மவளுக்கு நான் செஞ்ச மாதிரி செஞ்சிடாதீங்க என்பாள். போன சித்திரையில் எதிர்வீட்டுப் பையனுக்கு அம்மை போட்டது. அம்மா கம்பி தேடிக்கொண்டிருந்தபோது என்னால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், தலையாட்டியதையும் சேர்த்து.

அம்மா அழவில்லை. சுவரோரம் உட்கார்ந்தாள். "ஆறு வருஷமா காத்தத் திட்டிக்கிட்டிருந்தேனேடா" என்றாள். பிறகு, அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். அன்றைக்கே தெரியும் என்றேன். அதற்குத்தான் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டாள். எழுந்து ஸ்டூலைப் போட்டு ஏறி, துருப்பிடித்த கம்பியை மெல்லத் திருகிக் கழற்றி என் கையில் கொடுத்தாள். வேறு கம்பி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

போன வாரம் என் வகுப்புப் பையன் ஒருவனின் விடுப்புக் கடிதம் வந்தது. அம்மை என்று யாரோ கோணல் எழுத்தில் எழுதியிருந்தார்கள். இப்போதெல்லாம் அப்படி வந்தால் வீட்டுக்குப் போன் செய்துவிடுவேன். மாசமாக இருப்பவர்கள் யாராவது வந்து போனார்களா, வந்திருந்தால் டாக்டரிடம் உடனே காட்டச் சொல்லுங்கள் என்பேன். அந்தப் பையனின் அம்மாவிடமும் கேட்டேன். அவருக்கு என் கேள்வியே வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். "வாசல்ல வேப்பிலை இருக்குல்ல சார், யாரு வருவா?" என்றார்.

சரிங்கம்மா என்று போனை வைத்துவிட்டுச் சாக்பீஸ் எடுக்க இழுப்பறையைத் திறந்தேன்.