திரும்பி வரப் படகு

படகுத்துறையில் இன்ஜின் பழுது பார்க்கும் மெக்கானிக்குக்கு ஞாயிற்றுக்கிழமை ஆனால் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் போர்க்களம்; பகடை உருட்டிப் பொம்மைச் சிப்பாய்களை நகர்த்தும் ஆட்டம். கோட்டை அக்காவுடையது. அவள் புருஷன், சரித்திர வாத்தியார், இவன் கூட்டாளி. அன்று நீலத் துணியைக் கடலாக விரித்து, ஆயிரத்து எழுநூறுகளில் நடப்பதுபோல அவர் திட்டம் போட்டிருந்தார். முப்பது ஈயச் சிப்பாய்கள் துடுப்புப் படகுகளில் வந்து கரையிறங்கி, கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கைக் கொளுத்த வேண்டும்.

“சரி மச்சான், எப்படித் திரும்பி வருவாங்க?” என்று கேட்டான் மெக்கானிக்.

“அதே படகுலதான்.”

“அதுக்குள்ள கடல் உள்வாங்கித் தண்ணி வத்திடும். படகு சேத்துல உக்காந்துடும்.”

“பொம்மைங்கதானே மாப்ளே, விடு.”

மெக்கானிக்குக்குச் சுர்ரென்று ஏறியது. இருபது வயதில் அவனையும் இன்னும் நான்கு பேரையும் மணல்திட்டில் வேலைக்கு இறக்கிவிட்ட மேஸ்திரி, படகு அனுப்ப மறந்துபோனார். தண்ணீர் கழுத்துக்கு ஏறிய பிறகு ஒரு மீன்பிடிப் படகு வந்து அவனையும் சேர்த்து நான்கு பேரைத்தான் தூக்கியது; ஐந்தாமவனை அதற்குள் கடல் கொண்டுபோயிருந்தது. மேஸ்திரி கடைசிவரை ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை.

“இறக்கிவிடத் தெரியுதுல்ல? ஏத்திட்டு வர எவன் யோசிப்பான்?”

அவன் கத்திய கத்தலில் அக்கா கையிலிருந்த பகடை கீழே விழுந்தது. மெக்கானிக் பத்துச் சிப்பாய்களைப் பிரித்து, படகுகளோடு ஆழத் தண்ணீரில் காவல் நிறுத்தினான். மிச்சம் இருபது பேரால் கிடங்கை நெருங்கவே முடியவில்லை. ஆனால் அத்தனை பேரும் சேற்றில் நடந்து வந்து படகேறினார்கள்.

“தோத்துட்டோமே,” என்றார் வாத்தியார் மெதுவாக.

“தோக்கட்டும்,” என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு.