தம்பியின் ரத்தம், என் கைபேசியில்

என் பயத்துக்குத் துணையாகத்தான் தம்பியை அழைத்துப் போனேன். அம்மா கடைசி நான்கு ஆண்டுகள் எங்கள் இருவரையுமே யாரென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்து போய்ச் சேர்ந்தாள். இப்போது எனக்கு ஐம்பத்திரண்டு. ஒரு சொல் வாய்க்கு வராமல் நின்றால்கூட நெஞ்சு அடித்துக்கொள்ளும். மறதி தலைகாட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ரத்தத்தில் ஒரு புரதம் அதைக் காட்டிக்கொடுக்கும் என்று படித்ததிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை.

"அறிகுறியே இல்லாம இத எடுக்காதீங்க சார். தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?" என்றார் மருத்துவர். கேட்கவில்லை. தனியார் லேப் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். தனியே போகத்தான் துணிச்சல் இல்லை. சுகர், கொழுப்பு பார்க்கலாம் வா என்று, மீன்பிடிக்கப் போகும் தம்பியைக் கிளப்பினேன்.

ரத்தம் எடுக்கும் பெண் ஊசியை எடுத்ததும் என் முகத்தைப் பார்த்து அவன் சிரித்தான். "ஏண்ணே இப்பிடி முழிக்க? கண்ண மூடிக்கோ, தங்கச்சி மெதுவாத்தான் குத்தும்."

நான் காட்டிய இடத்தில், படிக்காமல், கையெழுத்துப் போட்டான். சுகர், கொழுப்போடு அந்தப் புரதமும் என்று அந்தத் தாளில் எழுதியிருந்தது.

எங்கள் வீட்டில் எதற்கும் மூத்தவன் எண்தான். இரண்டு முடிவுகளும் என் கைபேசிக்கே வந்தன. முதலில் என்னுடையது. ஒன்றுமில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டுக்கொண்டே அவனுடையதைத் திறந்தேன். புரதத்தின் அளவு கூடியிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது: அதைப் பார்த்த பிறகும் அந்த நிம்மதி முழுசாகப் போகவில்லை.

"வந்தே தீரும்னு அர்த்தமில்ல. வராமலும் போகலாம்" என்றார் மருத்துவர். பிறகு கேட்டார்: "என்ன டெஸ்ட்டுன்னு அவருக்குத் தெரியுமா?"

கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

அதன் பிறகு தம்பியோடு பேச முடியவில்லை, அவனைச் சோதிக்கத்தான் முடிந்தது. நேற்று என்ன மீன் பட்டது? முந்தாநாள்? அவன் தடுமாறாமல் சொல்வான். உடனே அதற்கும் முந்தின நாளைக் கேட்பேன்.

அதோடு நின்றிருக்கலாம். அவன் வள்ளத்தில் ஜிபிஎஸ் உண்டு. ஆனால் மீன் கிடக்கும் நல்ல பார்களை, கடலடிப் பாறைகளை, அவன் அதில் ஏற்றுவதில்லை. கூட வருகிறவன் பார்த்துவிடுவானே. கரையில் இரண்டு அடையாளங்கள் ஒரே கோட்டில் சேரும் இடம் என்று எல்லாம் அவன் தலைக்குள்தான். எங்கள் கரையில் அதைச் சொந்த அண்ணனும் கேட்கக் கூடாது. படுக்கையில் விழுந்த பிறகுதான் ஒருவன் தன் மகனிடம் சொல்வான். கடலுக்கே போகாத, துறைமுகத்தில் கோப்பு தள்ளுகிற நான், அவன் மறப்பதற்குள் என்று கேட்டேன்.

அவன் முகம் கறுத்தது. "ஏண்ணே, நான் என்ன படுத்தா கெடக்கேன்?"

எட்டாம் நாள் காலை அவனே வந்தான். "வா, கடலுக்குப் போவோம்."

கரை மெலிந்து கோடாகும்வரை ஓட்டினான். இன்ஜினை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"அம்மைக்கு வந்தது ஒனக்கும் வந்துட்டாண்ணே?"

நான் கடற்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எனக்குத்தான சுகர் பாத்த. ஒனக்கு வேற என்னமோ பாத்தன்னு அன்னைக்கே தெரியும்லா. ஊசியப் பாத்தா அப்பிடி நடுங்குவாங்களா? அதான் எல்லாத்தையும் கேட்டு வச்சிக்கிடணும்னு அலையுத. நான் ஒரு கூறுகெட்டவன், ஒன்மேல கோவப்பட்டுட்டேன்."

இல்லையடா என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி, அப்போ யாருக்கு?

அவன் என் தாடையைப் பிடித்துக் கரைப்பக்கம் திருப்பினான். "அங்கன பாரு. மாதா கோயில் கோபுரமும் பொகபோக்கியும் ஒண்ணா வருதா? இப்ப வடக்க பாரு. தீவு மொனையும் கலங்கரை வெளக்கும் ஒட்டுதா? ரெண்டு கோடும் சேந்தா அடியில பார் கெடக்கு. எங்க, நீ சொல்லு."

சொன்னேன். தப்பாகச் சொன்னேன். கோபப்படாமல், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல், மூன்று தரம் சொல்லிக்கொடுத்தான்.

"மறந்துட்டா என்ட்ட கேளு. நான் இருக்கேம்லா."

தலையாட்டினேன். அவன் என் தோளைத் தட்டிவிட்டுத் தூண்டிலை இறக்கினான்.