வாயால் சொன்ன பேர்

திண்டுக்கல் கோர்ட்டுக்கு முதல் தடவையாக ஒரு பெண் முன்சீப் வந்திருக்கிறார் என்றதும், ஆத்தூரில் எல்லோரும் எனக்கு நல்ல காலம் என்றார்கள். எனக்கோ நம்பிக்கை வரவில்லை. பொம்பளையிடம் பொம்பளை அழுதால் செல்லுமா?

என் வீட்டுக்காரர் கொழும்புக்குப் பிழைக்கப் போய் மூன்று வருஷம். முதல் வருஷத்தோடு கடிதாசி நின்றுவிட்டது. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலே தினமும் விடிந்தது. அவர் பேரில் இருந்த தோட்டத்தை அவருடைய தம்பி உழுது வெங்காயம் போட்டுவிட்டார். கேட்டால், நான் தாலி கட்டிய பெண்டாட்டியே இல்லை என்றார். அதற்குத்தான் கேஸ். நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வக்கீல் சொல்வதில் பாதி புரியாது. புரிந்த பாதி பயமாக இருக்கும்.

அன்று கோர்ட்டில் வழக்கு இல்லாதவர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். "ஜட்ஜய்யா கொண்டையில பூ வச்சிருக்காரா பாரு அப்பு," என்று பின்னால் ஒருவர் சொல்ல, பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். அந்த அம்மா உள்ளே வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. மெலிந்த உடம்பு, கறுப்பு அங்கி. யாரைப் பார்த்தும் முகம் மலரவில்லை.

கூண்டில் ஏறினேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "உன் புருஷன் பேரென்ன?" என்றார்.

எங்கள் பக்கம் பெண்கள் புருஷன் பேரைச் சொல்வதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும். முன்பிருந்த முன்சீப்புகள் குமாஸ்தாவை வாசிக்கச் சொல்வார்கள், தலையாட்டினால் போதும். எங்கள் வக்கீலும் அதைத்தான் கேட்டார்.

"பேரே தெரியல, பொண்டாட்டியாம்," என்றார் எதிர் வக்கீல். "சாட்சி தன் வாயால சொல்லட்டும்."

அந்த அம்மா எங்கள் வக்கீலைக் கையமர்த்தினார். பிறகு, "சொல்லும்மா," என்றார்.

"என்னால ஏலாது தாயி. அவுக எங்க எப்படிக் கெடக்காகளோ. நான் சொல்லி ஒண்ணு ஆகிப்போச்சுன்னா?"

"தெரியும்மா. ஆனா நீதான் சொல்லணும்."

தோட்டம் போனால் பிள்ளைகளுக்குச் சோறில்லை. கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். சொன்ன வாயை முந்தானையால் பொத்திக்கொண்டேன். கடலுக்கு அந்தப் பக்கம் அவர் அப்படியே சரிந்து விழுவதுபோல் இருந்தது.

வெளியே வந்ததும் எங்கள் வக்கீலிடம், "அந்தம்மாவும் பொம்பளதான? இம்புட்டுக்கூட இரக்கம் இல்லையே," என்றேன்.

"பொம்பளைங்கிறதாலதான்," என்றார். "உன்னைத் தலையாட்ட விட்டிருந்தா, பொம்பளைக்குப் பொம்பளை சலுகைன்னு எதிராளி அப்பீல்ல அடிச்சிருவான். அந்தம்மா தலையும் சேந்து உருளும்."

அந்த அம்மாவும் பயந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தாரோ என்று அப்போதுதான் தோன்றியது.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது, அப்பீலிலும் நின்றது. அந்த அம்மா மாற்றலாகிப் போய், பின்னால் ஜில்லா ஜட்ஜாக உயர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷப்படத்தான் வேண்டும். தபால்காரர் எங்கள் தெருவில் திரும்பினாலே சாவுச் சேதியோ என்று பயப்படுகிறவளுக்குச் சந்தோஷம் எங்கே வரும்?

கேஸ் முடிந்து பல வருஷம் கழித்து, அறுபதுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரரே வந்து நின்றார், பாதி உடம்பாய், இருமலோடு. கோர்ட்டில் நடந்ததை யாரோ சொல்லிவிட்டார்கள்.

"ஜட்ஜம்மா கேட்டா சொல்லுவ, நான் கேட்டா மாட்டியாக்கும்? ஒரு தடவ சொல்லு, கேப்போம்," என்று கேலி செய்தார். சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

"சும்மா இருங்க," என்று வெந்நீர் எடுக்கப் போனேன். ஒரு தடவை சொன்னதற்கே இவ்வளவு இருமல்.