முன்வாசலால் போன பிள்ளையார்

எண்பதுகளின் நடுவில், சுவிஸின் துன் நகரில் எனக்குக் கல்யாணம். ஹோட்டல் குசினியில் வேலை செய்தவனுக்கு மண்டபம் எடுக்க எங்கே வசதி? பழைய புரட்டஸ்தாந்துத் தேவாலயம் ஒன்றின் போதகர், தேவாலயத்தை ஒட்டிய கூடத்தைச் சும்மா தருவதாகச் சொன்னார்.

தருவதற்கு முன் தேவாலயத்துக்குள் கூட்டிப்போய் வரலாறு சொன்னார். நானூறு வருஷத்துக்கு மேல் முந்தி, சமயத்தைத் திருத்துகிறோம் என்று ஊர்ச்சனம் புகுந்து சிலைகளை ஜன்னலால் எறிந்து, சுவர்ச் சித்திரங்களுக்கு வெள்ளை அடித்தார்களாம். அந்த வெறுஞ்சுவரைப் பெருமையோடு காட்டினார். எனக்கோ களவு போன வீட்டைப் பார்ப்பதுபோல் இருந்தது. சபை மூப்பர்களின் நிபந்தனை ஒன்றுதான்: கூடத்துக்குள் சிலையோ படமோ வரக்கூடாது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஐயராக வர இருந்தவர், சூரிச்சில் உணவகமொன்றில் கோப்பை கழுவிய ஓர் அண்ணை. அவரை விட்டால் ஆளில்லை. நிபந்தனையைக் கேட்டதும் அவர் முகம் கறுத்துவிட்டது.

“பிள்ளையார் இல்லாமல் நான் தாலி எடுத்துத் தரமாட்டன்.”

கல்யாணம் நின்றுபோனால் பெண்ணின் தமையன் முகத்தில் எப்படி முழிப்பது? கடைசியில் அண்ணையே வழியும் சொன்னார். மஞ்சளைக் குழைத்துப் பிடித்து வைத்தால் அதுவே பிள்ளையார்; கண்ணும் வேண்டாம், தும்பிக்கையும் வேண்டாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியப்போகிறது என்று நான் நடுங்கிக்கொண்டே இருந்தேன்.

கல்யாணத்தன்று மூப்பர்களில் ஒருவரான கண்ணாடிக்கார அம்மா கூடத்தைச் சுற்றிச் சோதித்தார். தட்டில் புல் குத்திய மஞ்சள் உருண்டையைக் கண்டு என்னவென்று கேட்டார். கறிக்குப் போடுகிற மஞ்சள் என்றார் அண்ணை, கொஞ்சமும் கூசாமல். அம்மா திருப்தியாக வடைப் பக்கம் போனார்.

தாலி ஏறியது. அப்பாடா என்று மூச்சு விட்டபோது போதகர் என்னிடம் வந்தார். இந்தக் கறிச்சரக்கைக் கடக்கிற எல்லோரும் ஏன் கும்பிடுகிறார்கள் என்று மெதுவாகக் கேட்டார். அதுதான் எங்கள் பிள்ளையார் என்று உள்ளதைச் சொன்னேன், இனி அவரை ஏரியில் கரைக்க வேண்டும் என்பதையும் சேர்த்து. அதற்குள் அண்ணை தட்டோடு பின்கதவால் நழுவப் பார்த்தார். போதகர் கைநீட்டி மறித்தார்.

“முந்தி இங்கே இருந்தவர்களை எங்கள் ஆட்கள் ஜன்னலால் எறிந்துவிட்டார்கள். இவராவது முன்வாசலால் போகட்டும்.”

அவரே போய்க் கதவைத் திறந்து பிடித்தார். கண்ணாடிக்கார அம்மா, வடையும் கையுமாக, வழி விட்டு ஒதுங்கி நின்றார்.