புருவத்துக்கு மேலே இரண்டு கட்டம்

"இன்னும் பெருசாக்குங்க தம்பி," என்றாள் அண்ணி.

அவன் மவுஸின் சக்கரத்தை உருட்டினான். திரையிலிருந்த முகம் கன்னமானது, கன்னம் கட்டங்களானது, கட்டங்கள் வெறும் நிறங்களாயின. பழுப்பு, அதைவிட வெளிறிய பழுப்பு, நடுவே சாம்பல். அண்ணி நாற்காலியோடு முன்னால் நகர்ந்தாள். எவ்வளவு பக்கத்தில் போனாளோ அவ்வளவுக்கு அங்கே அவள் புருஷன் இல்லாமல் போய்க்கொண்டிருந்தார்.

"இதுக்கு மேல ஒண்ணும் இல்ல அண்ணி."

"உள்ள இருப்பாருல்ல. வெளிய எடுங்க."

அண்ணன் லாரி ஓட்டுபவர். மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் பெட்ரோல் பங்க் ஓரம் வண்டியை ஒழுங்காக நிறுத்தி, சாவியை அதிலேயே விட்டுவிட்டு இறங்கி நடந்தார். திரும்பவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் சமீபத்திய போட்டோ கேட்டார்கள். கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆளுக்குச் சமீபத்திய போட்டோ எங்கிருந்து வரும்? கல்யாணப் படத்தில் இருந்தவர் யாரோ ஓர் ஒல்லி மீசைக்காரர். கடைசியில் கிடைத்தது, டிரைவர்கள் கூட்டமாக நின்று எடுத்துக்கொண்ட ஒரு படம். போனுக்குப் போன் மாறி வந்ததில் தேய்ந்து சுருங்கியிருந்தது. அதில் அண்ணனின் முகம் சட்டைப் பொத்தான் அளவு.

தம்பிக்கு வேலை போர்டு, ஸ்டிக்கர் செய்கிற கடையில். அங்கே எல்லோரும் அவனைப் புள்ளி என்றுதான் கூப்பிட்டார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை திரையில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பதால் வந்த பெயர். ஊரில் பெரிய புள்ளி யார் என்று கேட்டால் எங்கள் கடைக்கு வாருங்கள் என்பார் முதலாளி. அவனுக்கு நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாததற்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது: பெண் பார்க்கப் போன இடத்தில் இவன் பெண்ணின் மூக்குக்கு எத்தனை புள்ளி வைக்கலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தானாம்.

அது முழுப் பொய்யும் இல்லை. தேய்ந்துபோன படத்தைக் கொடுத்துப் பெரிதாக்கச் சொல்லும் வாடிக்கையாளர்களுக்கு அவன் சலிக்காமல் விளக்குவான். போட்டோ என்பது கட்டம் போட்ட துணி. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். மூக்கு என்றோ காது என்றோ அதற்குத் தெரியாது. இழுத்தால் கட்டம்தான் பெரிதாகும். வெக்டர் என்கிற கோட்டுப் படம் அப்படி இல்லை. அது வழி சொல்வது மாதிரி. இந்தப் புள்ளியில் கிளம்பு, இவ்வளவு வளை, அந்தப் புள்ளியில் நில். வழி தெரிந்தவனுக்கு ரோடு எவ்வளவு நீளமானாலும் ஒன்றுதான். தீப்பெட்டியில் ஒட்டினாலும் கட்டடத்தின் சுவரில் ஒட்டினாலும் ஓரம் பிசிறாது. ஆனால் வழியை யாராவது ஒருத்தர் சொல்ல வேண்டும். அந்த ஒருத்தர் அவன்.

அண்ணி கேட்டது லாரிகளின் முன்கண்ணாடியில் ஒட்டுகிற ஸ்டிக்கர். அண்ணனுடைய கூட்டாளிகளின் வண்டிகள் எங்கெங்கோ போகின்றன, எவன் கண்ணிலாவது படாதா என்று நினைத்தாள். முதலாளியும் சரி என்றார். ஸ்டிக்கர் ஒரே நிறத்தில், மெஷின் கத்தியால் வெட்டுவது. கத்திக்குச் சாம்பல் நிறம் தெரியாது. ஒன்று வெட்டும், இல்லையென்றால் வெட்டாது.

அவன் நெற்றியில் ஆரம்பித்து வரைந்தான். தாடை, காது, கண். இடது புருவத்துக்கு மேலே வந்து நின்றான். அங்கே அடர்த்தியாக இரண்டு கட்டம்.

"அண்ணி, அண்ணனுக்கு இங்க தழும்பு ஏதாவது உண்டா?"

அவள் திரையைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். அவனுக்கும் கூச்சமாக இருந்தது. ஒரே வீடு, கீழே அவர்கள், மாடியறையில் அவன். ராத்திரி மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள். ஆனால் அண்ணனின் புருவத்தை யார் உட்கார்ந்து பார்த்தார்கள்?

"இருக்கும்," என்றாள் அண்ணி.

அவன் ஒரு கோடு போட்டான். மேலிருந்து இறங்கி லேசாக வளைந்து நின்றது. கோட்டின் நுனி கூராக இருந்தால் கத்தி திரும்பும்போது ஸ்டிக்கரைக் கிழித்துவிடும் என்பதால் எப்போதும் போல நுனியை உருட்டிவிட்டான்.

ஸ்டிக்கர்கள் லாரிகளில் ஏறின. சில நாளில் அண்ணி பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது மாடிக்குக் கேட்டது: அந்தத் தழும்பு லாரிக் கதவு இடித்ததால் வந்தது, தையல் போட வேண்டாம் என்று அடம்பிடித்தார். கேட்டுக்கொண்டே படுத்திருந்தவனுக்கு ரத்தம் பட்ட ஒரு துண்டு கொடியில் தொங்கியது நினைவுக்கு வந்தது. பச்சைக் கரை போட்ட துண்டு. அப்படி ஒரு துண்டு வீட்டில் இருந்ததா என்று காலையில் அலமாரியில் தேடினான். இல்லை.

வெயில் காலத்தில் தகவல் வந்தது. தூரத்து ஊர் ஒன்றில் ரோட்டோரச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிற ஒருவர், கடை முன்னால் நிற்கும் லாரியில் ஒட்டியிருக்கும் முகமாகவே இருக்கிறார் என்று ஒரு டிரைவர் போன் செய்தார். இரண்டு பேரும் பஸ் பிடித்துப் போனார்கள்.

கடைக்குப் பின்பக்கம் தொட்டியருகே அவர் நின்றிருந்தார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பினார். புள்ளிக்கு முதலில் தெரிந்தது தழும்புதான். மேலிருந்து இறங்கி லேசாக வளைந்து நின்றது. நுனி உருண்டிருந்தது.

அவன் கிட்டே போனான். யாராக இருந்தாலும் கிட்டே போனால் முகம் கொஞ்சம் கலையும். தோலின் துளைகள் தெரியும், ஒரு கண் மற்றதைவிடச் சின்னதென்று தெரியும். இவரிடம் எதுவும் கூடவில்லை. பின்வாசலில் நின்று பார்த்த அதே முகம், கைக்கெட்டும் தூரத்திலும் அப்படியே இருந்தது.

பெயரைக் கேட்டார்கள். அவர் நெற்றியைத் தொட்டு, "இது எப்படி வந்துச்சுன்னு ஞாபகம் இல்ல," என்றார்.

"லாரிக் கதவு," என்றாள் அண்ணி. "வாங்க, வீட்டுக்குப் போலாம்."

அவர் வந்தார். கொடுத்ததைச் சாப்பிட்டார், சொன்ன இடத்தில் படுத்தார். கூட்டாளிகள் வந்து தோளில் தட்டி, எங்களை எல்லாம் அலைய விட்டுட்டியேடா என்றார்கள். அவர் சிரித்தார். பல் வரிசை ஒரே வெள்ளைத் துண்டாக இருந்தது. ஸ்டிக்கரில் புள்ளி பல்லைப் பிரித்துக் கோடு போடவில்லை, அவ்வளவு சின்னதைக் கத்தியால் வெட்ட முடியாது என்று. அன்று அவன் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு மாடிக்குப் போனான். அண்ணனைத் தேடுவது நின்றுபோனது. ஸ்டேஷனிலும் கேஸை முடித்துவிட்டார்கள். கிடைத்துவிட்டவரை யார் தேடுவார்கள்?

அந்தக் கூட்டப் படத்தை எடுத்தவர் ஒரு மெக்கானிக், வெளியூரில் வேலை. அவர் தன்னுடைய பழைய போனைச் சரிசெய்து அதிலிருந்த மூலப் படத்தை அனுப்பி வைத்தார், இப்போது தேவைப்படாது, இருந்தாலும் ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று. புள்ளி கடையில் அதைத் திறந்தான். சக்கரத்தை உருட்ட உருட்ட முகம் உடையாமல் வந்தது. மூக்கின் மேல் எண்ணெய்ப் பளபளப்பு. கேமராவைக் கண்ட எரிச்சல். கீழுதட்டில் உரிந்த தோல். இடது புருவத்துக்கு மேலே, தலைக்கு மேல் போன ஒயரின் நிழல் ஒரு துண்டு விழுந்திருந்தது. தழும்பு இல்லை. அவன் திரை முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணன் இவர்தான். இவர் இன்னும் எங்கோ இருக்கிறார்.

சாயங்காலம் வீட்டில் படத்தை அண்ணியிடம் நீட்டினான். அவள் இரண்டு விரலால் விரித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"யாரு தம்பி இது?"

"அண்ணன்."

"அவரு உள்ள இருக்காரு," என்றாள் அவள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

அவன் நிழலைக் காட்டினான். கோடு போட்டது தான்தான் என்றான், நுனியை உருட்டியதும் தான்தான் என்றான். அண்ணி கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தாள்.

"நான் ராத்திரி தூங்கி எவ்வளவு நாளாச்சு தெரியுமா? இப்பதான் தூங்குறேன். பக்கத்துல ஆள் மூச்சு விடுற சத்தம் கேக்குது."

அப்போது உள்ளே இருந்தவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவள் கையிலிருந்த படத்தைக் குனிந்து பார்த்தார்.

"இவரை நான் பாத்திருக்கேன்," என்றார்.

"எங்க?" என்றான் புள்ளி.

"நேர்ல. பக்கத்துல நின்னு என் முகத்தையே பாத்துட்டு இருந்தாரு. அப்புறம் நடந்து போயிட்டாரு." யோசித்தார். "எந்த ஊருன்னுதான் வரல."

அண்ணி போனை அணைத்துத் தம்பியிடம் கொடுத்தாள். சாப்பாடு ஆறுகிறது, இரண்டு பேரும் கை கழுவுங்கள் என்றாள்.

மறுநாள் புள்ளி வழக்கத்தைவிடச் சீக்கிரம் கடைக்குப் போனான். மூலப் படத்தைத் திறந்து, முன்பு வரைந்ததைத் தொடாமல் புதிதாகப் புள்ளி வைத்தான். யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. முதலாளி வந்து பார்த்துவிட்டு, இது யார் என்று கேட்டார். காணாமல் போனவர் என்றான். முதலாளி டயர் கடை போர்டு மத்தியானத்துக்குள் வேண்டும் என்று மட்டும் சொன்னார். மெஷின் ஸ்டிக்கரை வெட்டி முடித்ததும் அவன் அதை எடுத்துக்கொண்டு லாரி நிற்கும் இடத்துக்குப் போனான். கிளம்பத் தயாராக இருந்த ஒரு வண்டியில் பழைய முகம் ஒட்டியிருந்தது. பிளேடால் சுரண்டி எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, புதியதை ஒட்டினான். டிரைவர் கீழே இறங்கி வந்து பார்த்தார். உங்கள் அண்ணன்தான் கிடைத்துவிட்டாரே என்றார். இது வேறு ஆள் என்றான் புள்ளி. டிரைவர் சரி என்று ஏறிக்கொண்டார். வண்டி வடக்கே போனது. அவன் கடைக்குத் திரும்பி டயர் கடை போர்டை முடித்துக் கொடுத்தான்.