ஏறாத குடல்

என் மகள் கயலுக்கு வயிறு உப்பியபோது இரண்டு வயது. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் குடம். வெளிக்கிப் போக வாரம் ஆகும். உங்கள் பிள்ளையும் இப்படி என்றால் படியுங்கள். “எல்லாப் பிள்ளைக்கும் உள்ளதுதான்” என்கிறவர்களுக்காக நான் இதை எழுதவில்லை.

போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் ஜீப்பில் எத்தனை பெண்களோ அத்தனை வைத்தியர்கள். கைக்குழந்தையோடு நான் மலையேறியதால், குலுக்கலில் குடல் ஏறிவிட்டதாம். என் நாத்தனார் தீர்ப்பே சொல்லிவிட்டாள்: “ஒனக்குச் சோலிதான் பெருசு. பிள்ள கொடல ஏத்திக் கொண்டாந்துட்ட.”

ராசிங்காபுரத்தில் ஒருவர் குடல் தட்டுவார். விளக்கெண்ணெய் தடவி வயிற்றை அமுக்கி உருவினார். பிள்ளை வீறிட்டால், “எறங்குது, எறங்குது” என்பார். வயிறு இறங்கவே இல்லை. அந்தக் கையை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

படித்தவர் மட்டும் என்னத்தைக் கிழித்தார்? டவுன் டாக்டர் சட்டையைக்கூடத் தூக்கிப் பார்க்காமல் பேதி மருந்து எழுதினார். வாழைப்பழம் கொடுக்கச் சொன்னார். இதைச் சொல்ல ஒரு படிப்பு!

காய்ச்சலும் பச்சை வாந்தியும் வந்த அன்று மதுரைக்கு ஓடினோம். குழந்தைகள் அறுவை மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“பிறந்ததும் காட்டுமலம் (முதல் கறுப்பு மலம்) எப்பம்மா போச்சு?”

“மூணாம் நாள்தான் டாக்டர்.”

“ஒரு நாளுக்குள்ள போயிருக்கணும். இத யாரும் கேக்கலையா?”

கேட்கவில்லை. அத்தனை வாயில் ஒரு வாய் கேட்கவில்லை.

ஆசனவாய்க்குள்ளிருந்து துணுக்குச் சதை எடுத்துச் சோதித்தார்கள். ஹிர்ஷ்ஸ்பிரங் நோய் (பெருங்குடலின் கடைசிப் பகுதி, மலத்தைத் தள்ளவைக்கும் நரம்பணுக்கள் இல்லாமல் பிறப்பது). கருவிலேயே வந்தது, ஜீப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னபோது, கூட வந்திருந்த நாத்தனார் சுவரைப் பார்த்தாள். நான் அவளைத்தான் பார்த்தேன்.

அந்தப் பகுதியை வெட்டி, நல்ல குடலை இழுத்துத் தைத்தார்கள். பிறகு பல மாதம் புண், நாற்றம், துணி. பிள்ளை பிழைத்தாள். ஆனால் வயிறு மறுபடி உப்பிக் காய்ச்சல் வந்தால் உடனே ஓட வேண்டும். அந்தப் பயம் போகாது. இப்போது என் பொழுதைக் கடிகாரம் நடத்துவதில்லை, அவள் வயிறு நடத்துகிறது.

போன லீவில் அவளையும் அதே ஜீப்பில் கூட்டிப்போனேன். பாதி மலையில், “அம்மா, வெளிக்கி வருது” என்றாள்.

“ஜீப்ப நிப்பாட்டுங்கண்ணே.”

“செத்த அடக்கச் சொல்லு, நேரமாகுதுல்ல,” என்றாள் ஒரு வைத்தியச்சி.

“அவ அடக்குனது போதும். இருங்க எல்லாரும்.”

அவளை ரோட்டோரம் உட்காரவைத்தேன். ஜீப்பில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படியே கயலிடம் சொன்னேன்:

“வெரசா வரணும்னு இல்ல ஆத்தா. நிதானமா போ.”